‘இல்லை’ என்ற முடிவை வாசிப்பது எப்படி? – நோய்த்தடைக்காப்பற்ற சுண்டெலிகள் தரும் பாடம்

எலைசா சோதனையைப் பற்றிப் பாடம் நடத்தி முடித்ததும் பெரும்பாலான மாணவர்களின் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கும்: “எதிர்ப்பொருள் இருந்தால் தொற்று உண்டு, எதிர்ப்பொருள் இல்லையென்றால் தொற்று இல்லை.” தேர்வுக்கு இந்த வரி போதும். வாழ்க்கைக்கு இது போதாது. சோதனை அறிக்கையில் ‘இல்லை’ என்று வந்தால், எது இல்லை என்று கேட்கும் பழக்கம் மாணவர்களுக்கு வர வேண்டும். கிருமி இல்லையா, எதிர்ப்பொருள் இல்லையா, அல்லது எதிர்ப்பொருளை உருவாக்கும் ஆற்றலே அந்த உடலில் இல்லையா?

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் கற்பிக்க ஒரு நல்ல சான்று உண்டு. ஆய்வகங்களுக்காக நோய்த்தடைக்காப்பற்ற சுண்டெலிகளை வளர்க்கும் இனப்பெருக்க மையங்களில், அவற்றின் உடல்நலத்தை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்பதே அது. மேல்நிலை வகுப்பு விலங்கியல் ஆசிரியர்கள் நோய்த்தடைக்காப்புப் பாடத்தோடும், பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர்கள் நிகழ்தகவோடும் இதை இணைத்து நடத்தலாம்.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள்,
1. டி செல், பி செல் ஆகியவற்றின் பணியை, அவை இல்லாத விலங்கைக் கொண்டு விளக்குவர்.
2. எதிர்ப்பொருள் சோதனைக்கும் கிருமியை நேரடியாகத் தேடும் சோதனைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுவர்.
3. மாதிரிகளின் எண்ணிக்கைக்கும் கண்டறியும் வாய்ப்புக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடுவர்.

மயிரற்ற எலியின் கதை

1962-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ரக்கில் மருத்துவமனையின் வைரஸ் ஆய்வகத்தில் மயிரே இல்லாத சில சுண்டெலிகள் பிறந்தன. 1966-இல் ஃபிளனகன் என்ற ஆய்வாளர், இப்பண்பு ஓர் ஒடுங்கு ஜீனால் வருவது என விவரித்தார். 1968-இல் பாண்டெலூரிஸ் என்பவர் இதைவிட முக்கியமான ஒன்றைக் கண்டார். இந்த எலிகளுக்குச் செயல்படும் தைமஸ் சுரப்பியே இல்லை.

தைமஸ் இல்லையென்றால் டி செல்கள் முதிர்ச்சி அடைய இடமில்லை. டி செல்கள் இல்லாத உடல், அயல் திசுவை விரட்டாது. 1969-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் மனிதக் குடல் புற்றுக் கட்டியை இந்த எலியின் உடலில் வளர்த்துக் காட்டினர். அதன்பின் புற்றுநோய் ஆராய்ச்சியில் இந்த எலிக்குத் தனி இடம் கிடைத்தது.

1983-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மெல்வின் போஸ்மாவின் குழு, டி செல்களும் பி செல்களும் செயல்படாத ‘ஸ்கிட்’ எலியை அறிவித்தது. 2005-இல் மெய்ன் மாநிலத்தின் ஜாக்சன் ஆய்வகம், இயற்கைக் கொல்லி செல்களும் இல்லாத ‘என்.எஸ்.ஜி.’ எலியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. மனித இரத்த மூல செல்களைக்கூட இதன் உடலில் வாழவைக்க முடிகிறது.

இங்கு மாணவர்களிடம் ஒரு கேள்வி எழுப்பலாம்: “மனிதச் செல்லையே விரட்டாத உடல், கிருமியை விரட்டுமா?”

சாதாரணக் கிருமியும் கொல்லும்

நியூமோசிஸ்டிஸ் என்பது நுரையீரலில் வாழும் ஒரு பூஞ்சை. நலமான எலியின் உடல் அதை நீக்கிவிடும். ஸ்கிட் எலிக்கு அதுவே உயிர்கொல்லியான நிமோனியாவைத் தரும். கொரினிபாக்டீரியம் போவிஸ் என்ற பாக்டீரியா மயிரற்ற எலியின் தோலில் வெண்ணிறச் செதில்களை உண்டாக்கும். எலி மெலியும். பல எலிகளில் செதில் சில நாட்களில் மறைந்துவிடும். ஆனால் கிருமி போகாது. பணியாளரின் கையுறை, கூண்டு மாற்றும் மேசை என எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போகும்.

இது எலிகளுக்கு மட்டும் உரிய கதை அன்று. 1981 ஜூன் மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வந்திருப்பதாக அறிவித்தது. நலமான உடலில் வரக்கூடாத நோய் ஏன் வந்தது என்ற கேள்வியிலிருந்துதான் எய்ட்ஸ் பற்றிய நமது அறிவு தொடங்கியது. பாடநூலில் ‘சந்தர்ப்பவாதத் தொற்று’ என்ற சொல் வரும் இடத்தில் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொன்னால் கருத்து மனத்தில் பதியும்.

கூண்டில் ஒரு காவல் எலி

ஆயிரக்கணக்கான எலிகள் உள்ள மையத்தில் ஒவ்வொன்றையும் பிடித்துச் சோதிக்க முடியாது. முதல் வழி, அன்றாடப் பார்வை. முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா, மயிர் சிலிர்த்திருக்கிறதா, எடை குறைகிறதா, மூச்சு வாங்குகிறதா எனப் பணியாளர் தினமும் பார்த்துக் குறிக்கிறார். ஆனால் கண்ணுக்குத் தெரியும்போது தொற்று பெரும்பாலும் பரவியிருக்கும்.

இரண்டாவது வழி, காவல் எலி. நோய்த்தடைக்காப்பு முழுமையாக உள்ள சில எலிகளை அதே அறையில் தனிக் கூண்டில் வைப்பர். மற்றக் கூண்டுகளைச் சுத்தம் செய்யும்போது, அவற்றின் எச்சம் கலந்த பழைய படுக்கைத் துகளில் சிறிதளவு எடுத்துக் காவல் எலியின் கூண்டில் போடுவர். அந்தக் கூண்டுகளில் கிருமி இருந்தால் காவல் எலிக்கும் தொற்றும். அதன் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கும். சில வாரங்கள் கழித்து அதன் இரத்தத்தைச் சோதிப்பர். பல மையங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது நடக்கிறது.

ஏன் நேரடியாக நோய்த்தடைக்காப்பற்ற எலியின் இரத்தத்தையே சோதிக்கவில்லை? மாணவர்களே விடை சொல்லட்டும். என்.எஸ்.ஜி. எலிக்குப் பி செல்லே இல்லை. கிருமி நிறைந்த உடலிலும் எதிர்ப்பொருள் இருக்காது. சோதனை ‘இல்லை’ என்று சொல்லும். அந்த ‘இல்லை’யை நம்பி எலியை இன்னோர் அறைக்கு மாற்றினால், அந்த அறையும் கெடும்.

மெண்டலின் விதியும் இங்கு உதவுகிறது. மயிரற்ற பெண் எலிகள் குட்டிகளை நன்றாக வளர்ப்பதில்லை. எனவே மயிரற்ற ஆண் எலியை, ஒரே ஓர் ஒடுங்கு அல்லீல் கொண்ட மயிருள்ள பெண் எலியோடு கலப்பர். குட்டிகளில் பாதி மயிரற்றவை, பாதி மயிருள்ளவை என எதிர்பார்க்கலாம். மயிருள்ள குட்டிகளுக்கும் தாய்க்கும் தைமஸ் உண்டு, எதிர்ப்பொருளும் உருவாகும். ஒரே கூண்டில் ஒரே காற்றைச் சுவாசித்து வளர்வதால், அவற்றின் இரத்தம் மயிரற்ற உடன்பிறப்புகளின் நிலையையும் தெரிவிக்கும். இக்கலப்பைப் புன்னட் கட்டத்தில் வரைந்து காட்டச் சொல்லலாம்.

காவல் எலிக்கும் எட்டாதவை

மலத்தின் வழியே பரவும் எலி ஹெபடைடிஸ் வைரஸ் போன்றவை படுக்கைத் துகளின் மூலம் காவல் எலியை எளிதில் அடைகின்றன. சுவாசத்தின் வழியே பரவும் சென்டாய் வைரஸ் அப்படி எளிதில் அடைவதில்லை. ஆகவே காவல் எலியின் ‘இல்லை’யும் முழுமையான ‘இல்லை’ அன்று.

இதனால்தான் இன்று பல மையங்கள் பி.சி.ஆர். முறையைச் சேர்த்துக்கொள்கின்றன. எலியின் எச்சம், மயிர், வாய்ப்பூச்சு ஆகியவற்றிலும், கூண்டு அடுக்கிலிருந்து காற்று வெளியேறும் குழாயில் படியும் தூசியிலும் கிருமியின் மரபுப்பொருளையே தேடுகிறார்கள். உடல் எதிர்வினை காட்ட வேண்டும் என்ற தேவை இங்கு இல்லை.

பி.சி.ஆருக்கும் ஓர் எல்லை உண்டு. தேடச் சொன்னதை மட்டுமே அது தேடும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர ஆய்வகம் ஒன்றில் நோய்த்தடைக்காப்பற்ற எலிகள் நடுவயதிலேயே சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. அறியப்பட்ட கிருமிகள் எவையும் காரணமாகத் தெரியவில்லை. கடைசியில் சிறுநீரகத் திசுவில் உள்ள மரபுப்பொருளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத பார்வோவைரஸ் ஒன்று வெளிப்பட்டது. 2018-இல் ‘செல்’ ஆய்விதழில் இது வெளியானது. அமெரிக்க ஆய்வகங்களின் எலிகளிலும் அது இருப்பது தெரியவந்தது. பட்டியலில் இல்லாத கிருமிக்கு ‘இல்லை’ என்ற அறிக்கையே வரும்.

வகுப்பறைச் செயல்பாடு: புளியங்கொட்டைக் கூண்டு

தேவையானவை: ஒவ்வொரு குழுவுக்கும் 100 புளியங்கொட்டைகள், ஒரு துணிப்பை, வெள்ளைப் பெயிண்ட் சிறிதளவு.

படி 1: 30 கொட்டைகளில் வெள்ளைப் பொட்டு வைத்துக் காய விடவும். இவை தொற்றுள்ள எலிகள். பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுத்து, குறித்துவிட்டு மீண்டும் பையில் போடவும். இப்படிப் பத்து முறை எடுத்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றில் பொட்டுள்ள கொட்டை ஒன்றாவது வந்ததா என்று எழுதவும். ஒவ்வொரு குழுவும் பத்துச் சுற்றுகள் செய்யட்டும்.

கணக்கு: ஒருமுறை தவறவிடும் வாய்ப்பு 0.7. பத்து முறையும் தவறவிடும் வாய்ப்பு, 0.7-ஐப் பத்து முறை பெருக்கினால் கிடைக்கும் 0.028. எனவே கண்டறியும் வாய்ப்பு ஏறத்தாழ 97 விழுக்காடு.

படி 2: பொட்டுள்ளவை 10 மட்டும் இருக்குமாறு மாற்றி, அதே செயலைச் செய்யவும். இப்போது தவறவிடும் வாய்ப்பு 0.9-ஐப் பத்து முறை பெருக்கியது, அதாவது 0.35. மூன்றில் ஒரு சுற்றுக்கு மேல் தொற்று கண்ணில் படாது. 95 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமானால் 29 முறை எடுக்க வேண்டும். தனித்தனிக் காற்றோட்டம் உள்ள கூண்டுகளில் தொற்று ஒரு சில கூண்டுகளிலேயே அடங்கிவிடுவது நன்மைதான். ஆனால் அதனாலேயே அதைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது என்பதை இங்கு விளக்கலாம்.

படி 3: ஒரு குழுவின் குறிப்பாளரிடம் மட்டும் தனியே, “எந்தக் கொட்டை வந்தாலும் ‘இல்லை’ என்றே எழுது” என்று சொல்லிவிடவும். முடிவுகளைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பு திகைக்கும். “இன்னும் பல முறை எடுக்கலாம்” என்று யாராவது சொல்வார்கள். எடுக்க விடுங்கள். நூறு முறை எடுத்தாலும் ‘இல்லை’தான். பார்க்க இயலாத சோதனையை எத்தனை முறை செய்தாலும் பார்வை வராது என்பதை அவர்களே சொல்லும் தருணம் இது. என்.எஸ்.ஜி. எலியின் இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடுவதும் இதுதான்.

மனிதருக்கு வரும்போது

ஹெச்.ஐ.வி. தொற்றிய முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் சோதனை ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். இதற்கு நேர்மாறாக, தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் இரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள் இருக்கும். குழந்தைக்குத் தொற்று இல்லாதபோதும் சோதனை ‘உண்டு’ என்று காட்டலாம். அதனால்தான் கைக்குழந்தைகளுக்குக் கிருமியையே தேடும் பி.சி.ஆர். செய்கிறார்கள்.

1971-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவனுக்குப் பிறவியிலேயே நோய்த்தடைக்காப்பு இல்லை. என்.எஸ்.ஜி. எலியில் செயலிழக்கச் செய்யப்பட்டுள்ள அதே ஜீன்தான் அவனிடமும் பழுதுபட்டிருந்தது. கிருமி நீக்கிய நெகிழி அறைக்குள்ளேயே பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தான். 1983-இல் அவனுடைய அக்காவின் எலும்பு மஜ்ஜை அவனுக்குச் செலுத்தப்பட்டது. அந்த மஜ்ஜையில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் உறங்கிக்கிடந்தது. முன்கூட்டி எவருக்கும் அது தெரியவில்லை. அக்காவை ஒன்றும் செய்யாத அந்த வைரஸ் டேவிட்டின் உடலில் புற்றை உண்டாக்கியது. 1984 பிப்ரவரியில் அவன் இறந்தான். எலிக் கூண்டுகளில் செய்யப்படும் கண்காணிப்பின் பொருள் என்ன என்று கேட்கும் மாணவருக்கு இந்த ஒரு வாழ்க்கையே விடை.

உயிர்களிடத்து அன்பு

“எலிகள் பாவம் இல்லையா?” என்ற கேள்வி வகுப்பில் கட்டாயம் வரும். அதைத் தவிர்க்க வேண்டாம். 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் மூன்று நெறிகளை முன்வைத்தனர்: இயன்ற இடத்தில் விலங்குக்கு மாற்று காண்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைக் குறைப்பது. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழு, விலங்குச் சோதனைகளை ஒழுங்குபடுத்துகிறது. காற்றுக் குழாயின் தூசியைச் சோதிப்பதால் காவல் எலிகளின் தேவை குறைகிறது. கண்காணிப்புத் தவறினால் ஒரு தொற்றால் ஆய்வு முழுவதும் வீணாகி, அத்தனை எலிகளும் பயனின்றி மடியும். இரு பக்கத்தையும் சொல்லி, மாணவர்களை விவாதிக்க விடலாம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. மயிரற்ற எலிக்கு டி செல்கள் இல்லாததன் காரணம் என்ன?
2. காவல் எலியாக ஸ்கிட் எலியை வைத்தால் என்ன ஆகும்? ஏன்?
3. தொற்று 20 விழுக்காடு எலிகளில் உள்ளது. ஐந்து எலிகளைச் சோதித்தால் ஒன்றிலாவது கண்டறியும் வாய்ப்பு எவ்வளவு? (விடை: ஏறத்தாழ 67 விழுக்காடு)
4. நோய்த்தடைக்காப்பற்ற எலிகள் உள்ள அறைக்குப் பணியாளர் காலையில் முதலில் செல்வாரா, கடைசியில் செல்வாரா? காரணம் கூறுக.
5. ஓர் அறிக்கை ‘இல்லை’ என்று வருவதற்கு நான்கு காரணங்களை எழுதுக.

ஐந்தாவது வினாவுக்கு எதிர்பார்க்கும் விடை: கிருமி உண்மையிலேயே இல்லை, சோதனை மிக விரைவில் செய்யப்பட்டது, சோதித்த உடலால் எதிர்வினை காட்ட இயலாது, தேட வேண்டியதையோ தேட வேண்டிய இடத்தையோ தேடவில்லை. இந்த நான்கையும் தாமாக எழுதும் மாணவர், நாளை தம் வீட்டுக்கு வரும் இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் சரியான கேள்வியோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்வார்.