கோடை விடுமுறையும் சின்னப் பிள்ளைகளும்



இங்கிலாந்தில் யூலை மாதக் கடைசியில் பாடசாலைகள் மூடினால், திரும்பத் திறப்பது செப்ரெம்பர் தொடக்கத்தில்தான். ஏறக்குறைய ஆறு வாரங்கள். எமது குடும்பங்கள் பலவற்றில் தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போவதால், பிள்ளை அம்மம்மாவுடன் வீட்டில் இருக்கும். ஆனால் அவருடன் கதைக்காது. அம்மம்மா தமிழில் கேட்பார். பிள்ளை கைத்தொலைபேசியைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லும். ஆறு வாரமும் இப்படியே போனால் செப்ரெம்பரில் அந்த ஒரு சொல்லும் இராது. இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. முற்கூட்டிய திட்டம்தான் தேவை. நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு ஓர் இடம். அந்த இடத்தில் ஒரு பொருள். பயணக் காசுக்குப் பெறுமதி எடுக்க வேண்டுமென்று ஒரே நாளில் மூன்று இடங்களுக்குப் பிள்ளைகளை இழுத்துச் செல்வோர் உண்டு. ஐந்து வயதுக் கால் அதைத் தாங்காது.

உதாரணமாக, லண்டன் சவுத் கென்சிங்ரனிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையை எடுப்போம். அனுமதி இலவசம். 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வர் வரை, கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவருடன் பாதாள ரயிலில் இலவசமாகப் போகலாம். பாணும் சீனிச் சம்பலும் கட்டிக்கொண்டு, காலை 10 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். பெரிய மண்டபத்தில் 2017 முதல் ஒரு நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்குகிறது. 1891 இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் அது. நீளம் 25.2 மீற்றர். அன்றைக்கு அது போதும். டைனோசரும் பார்க்க வேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தால் நல்லது, அடுத்த வாரப் பயணம் கிடைத்துவிட்டது!

முதல் நாள் மாலை பக்கத்துப் பூங்காவில் 25 மீற்றரை எட்டு வைத்து அளந்து காட்டுங்கள். பெரியவர்களின் எட்டில் சுமார் 35 வரும். பிள்ளை தமிழில் எண்ணட்டும்.

அம்மம்மாவை அன்று வேண்டுமென்றே வீட்டில் விட்டுச் செல்லுங்கள். (அம்மம்மாமார் கோபிக்கக்கூடாது.) அவரும் கூட வந்து பார்த்துவிட்டால் பிள்ளை அவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? பார்க்காத ஒருவர் "எவ்வளவு பெரிசு? பல்லு இருந்ததோ?" என்று உண்மையாகவே கேட்கும்போதுதான் பிள்ளைக்குச் சொற்கள் தேவைப்படும். அப்போது தேடும் சொல்லை எந்தப் பயிற்சிப் புத்தகமும் கொடுக்காது. நீலத்திமிங்கிலங்கள் எமது திருகோணமலைக் கடலுக்கும் வருவன. ஆகவே கதை அங்கிருந்து அம்மம்மாவின் பக்கம் திரும்பும். மீன், வலை, கடற்கரை என்று அவர் சொல்லட்டும்.

மழை நாட்களுக்கு உள்ளூர் நூலகம். 1999 முதல் பொது நூலகங்களில் கோடைகால வாசிப்புச் சவால் நடைபெறுகிறது. 4 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகள் இலவசமாகச் சேரலாம். வாசித்த ஆங்கிலக் கதையை அப்பப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்பதை வீட்டு விதியாக வையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஆறு கட்டங்கள் கீறிய தாள் ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு வாரப் பயணத்தையும் பிள்ளையையே படமாக வரையச் சொல்லுங்கள். நான்கு கட்டங்களை மட்டும் நிரப்புங்கள். மற்ற இரண்டையும் காய்ச்சலும் விருந்தினரும் தாமாகவே நிரப்பிக்கொள்வார்கள்.

கடைசியாக, கணக்காளன் என்ற முறையில் ஒன்று. விமான ரிக்கெற் மலிவென்று பாடசாலை மூடுவதற்கு முந்திய வாரமே ஊருக்குப் புறப்படுவோர் கவனிக்கவும். இங்கிலாந்தில் 2024 ஓகஸ்ட் முதல், அனுமதியின்றி ஐந்து பாடசாலை நாட்கள் தவறினால் ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண் தண்டம் விதிக்கப்படலாம். 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் அது 160. பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் 320 பவுண்; பிந்தினால் 640. ரிக்கெற்றில் மிச்சம் பிடித்த தொகையிலிருந்து இதைக் கழித்துப் பார்த்துவிட்டுத் திகதியைத் தீர்மானியுங்கள்.