ஸ்பீக்கரை விடுங்கள், ஊசியைப் பாருங்கள்

பரணிலிருந்து அப்பாவின் இசைத்தட்டுகளை இறக்கி, ஆசையாக ஒரு டர்ன்டேபிளும் வாங்கிவிடுகிறார்கள். பாட்டு கரகரத்ததும் ஸ்பீக்கரை மாற்றக் கிளம்புகிறார்கள். மாற்றினால் அதே கரகரப்பு இன்னும் தெளிவாகக் கேட்கும். காசு முதலில் ஊசிக்குத்தான்.

1. ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் பின்னால் திருகும் எடை இருக்கிறதா? இல்லாத சூட்கேஸ் மாடலில் பைசா போடாதீர்கள். எடை உள்ளதற்குச் சேர்த்துவையுங்கள்.

2. ஊசி பொருந்தும் கார்ட்ரிட்ஜ்: ஆடியோ-டெக்னிகா விஎம்95இ வாங்குங்கள். பின்னால் ஊசியை மட்டும் கழற்றி உயர்ந்த ரகம் போட்டுக்கொள்ளலாம். மாட்டும்போது ஊசிக்கு மூடி இருக்கட்டும். நான்கு கம்பிகளையும் இழுக்காமல், முனைக் கிளிப்பை இடுக்கியால் பிடித்துச் செருகுங்கள்.

3. எடை. எல்லாரும் சறுக்குவது இங்கேதான். ஊசி உள்பக்கம் இழுபடுவதைத் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டை 0-வில் வையுங்கள். மூடியை எடுத்துவிட்டு, ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் சாயாமல் அந்தரத்தில் மட்டமாக நிற்கும்வரை பின் எடையைத் திருகுங்கள். எடையை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் 0-வுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து 2-க்குத் திருப்புங்கள். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம். ஆன்டி-ஸ்கேட்டும் 2.

'இலேசாக வைத்தால் தட்டு தேயாதே?' என்பார்கள். தலைகீழ். எடை போதாத ஊசி பள்ளத்தில் துள்ளித் துள்ளிச் சுவரைக் கொத்தும். ஊசி தாவுகிறதென்று தலையில் ஒரு ரூபாய்க் காசை வைப்பது அதைவிட மோசம். இப்போதைய காசே கிட்டத்தட்ட 3 கிராம். 2 கிராம் வேண்டிய இடத்தில் 5 உட்காரும். வளையத்தின் எண்ணை நம்பாமல் சின்ன டிஜிட்டல் ஊசித் தராசில் ஒருமுறை பாருங்கள்.

சோதனைக்கு எம். எல். வசந்தகுமாரியின் திருப்பாவை போடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அது மனப்பாடம், பிசிறு உடனே காதில் படும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் 'ச', 'ஸ' சீறினால் எடையைத் தொடாதீர்கள். பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ் கோணலாக இருக்கும். அளவுத்தாளை வைத்து நேராக்குங்கள்.

4. ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்ப் ஒன்றே ஒன்று. டர்ன்டேபிளில் இருப்பதோ ஆம்ப்ளிஃபையரில் இருப்பதோ, ஏதாவது ஒன்று. இரண்டும் ஓடினால் சத்தம் உடைந்து வரும்.

5. ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேசையில் கூடாது.

6. ராஜபாளையத்துக்காரர்களுக்கு: சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி புண்ணுக்கு நல்லது, தட்டைத் துடைக்க ஆகாது, நூல் பிசிறு பள்ளத்தில் தங்கும். மைக்ரோஃபைபர் துணிதான். பழைய 78 தட்டுக்கு ஸ்பிரிட் தொடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அதற்கு ஊசியும் வேறு.

இவ்வளவும் செய்து ஒரு வாரம் கேளுங்கள். அப்போதும் ஸ்பீக்கர் மாற்றத் தோன்றினால், தாராளமாக மாற்றுங்கள்.