கடைசி ஆளின் நடை

ஆனையிறவு,
பங்குனி, ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்று உன் அம்மா போனில் அழுதபடி கதைத்தாள். நீ இந்த முறை செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை நடக்கப் போகிறாயாம். கம்பஸில் லீவும் கேட்டாயிற்றாம். "அக்கா, நீ சொன்னால்தான் கேட்பாள், மறித்துப் போடு" என்றாள். நான் மறிக்க மாட்டேன். 2013இலும் 2018இலும் அந்த வழியை முழுவதும் நடந்து முடித்தவள் நான். எனக்குக் கிடைத்ததை உனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

நீ எனக்கு அனுப்பிய பட்டியலை மூன்று தரம் வாசித்தேன். முதுகுப் பை, கூடாரம், பவர் பாங்க், சப்பாத்து என்று இருபத்திரண்டு சாமான் எழுதியிருக்கிறாய். யார் யாரோடு போகிறாய் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

வழி உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் காலால் நினைத்துப் பார். தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனிடம் தொடங்கி, கொடிகாமம், பளை, இயக்கச்சி கடந்து எங்கள் ஆனையிறவு. பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதி. வற்றாப்பளை அம்மன், கொக்கிளாய், புல்மோட்டை, திருகோணமலை, வெருகல், வாகரை, சித்தாண்டி, மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை. பிறகு காடு. ஆடித் திருவிழாக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர்வதாகக் கணக்குப் பார்த்து நடப்பார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் எடுக்கும். கொழும்புத்துறை யோகர் சுவாமி போன்றவர்கள் நடந்த பாதை இது. 1972இல் இதில் நடக்கத் தொடங்கிய பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர், வழியின் ஊர்களையும் கதைகளையும் உலகத்துக்கு எழுதிவைத்தார். 1983க்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சனத்துக்கு அந்த நடை அறுந்து போனது. என் தாயார் போக ஆசைப்பட்டு, போகாமலே கண்ணை மூடினவர். நான் நடந்தது பாதி அவருக்காக.

இனிக் காலைப் பற்றிச் சொல்கிறேன். இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. அறிவியல்நகரிலிருந்து முறிகண்டிப் பிள்ளையார் வரை விடியப்புறம் நடந்து, ஒரு பிடி கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பி வா. முதல் இரண்டு கிழமை வெறுங்கையோடு. பிறகு முதுகில் நாலு லீற்றர் தண்ணீர் ஏற்று. அது நாலு கிலோ. காட்டுக்குள் நீ கட்டாயம் சுமக்கப் போகிற பாரம் அதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. சப்பாத்து வேண்டாம். மணல் போனால் தோலை அரைத்துவிடும். பழகிய றப்பர் செருப்பும் வெறுங்காலும் மாறி மாறி வரட்டும். தார் வீதியில் வெறுங்கால் பகல் ஒன்பது மணிக்கு மேல் தாங்காது. அதற்காகத்தான் மூன்று மணிக்கே எழும்பி நடந்து, வெயில் ஏற முன்னம் ஒரு கோயில் மண்டபத்தில் ஒதுங்கிவிடுவார்கள். கொப்பளம் வந்தால் தோலை உரிக்காதே. ஊசியை நெருப்பில் காட்டி ஓரத்தில் குத்தி நீரை மட்டும் எடுத்துவிட்டு, சுத்தத் துணியால் கட்டு.

பையில் இரண்டு உடுப்பு, ஒரு பருத்திச் சேலை (விரிப்பும் அதுதான், போர்வையும் அதுதான், மறைப்பும் அதுதான்), ஒரு சின்னத் தரப்பாள், ரோச், நெருப்புப்பெட்டி, ஜீவனிப் பக்கற் பத்து, பனடோல், தேங்காய் எண்ணெய். சாப்பாட்டுக்கு நம்மூர்ச் சாமான்தான் நிற்கும்: புழுக்கொடியல், பொரிமா, பனங்கட்டி, அவல். புழுக்கொடியலை ஒரு துண்டு வாயில் போட்டு மென்றுகொண்டு நடந்தால் ஒரு மணித்தியாலம் பசி கேட்காது. கூடாரத்தை வீட்டில் விட்டுவிடு. நீ மட்டும் சிப்பைப் பூட்டிக்கொண்டு உள்ளே படுக்க, பக்கத்தில் எழுபது வயது அம்மா ஒருவர் உரப்பையில் படுத்திருப்பார். இரண்டாம் நாளே உனக்கு அந்தக் கூடாரம் பாரமாகிவிடும்.

உனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கப்போவது வாங்கிச் சாப்பிடுவது. நீ கூச்சக்காரி, ஒருவரிடம் பேனை இரவல் கேட்கவும் யோசிப்பாய். அங்கே ஒவ்வொரு ஊரிலும் சனம் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். தங்களுக்கே இல்லாத வீடுகளும் வாகரைப் பக்கம் உண்டு. அவர்கள் தருவதை மறுக்காதே, காசு நீட்டாதே. ஒரு வீட்டில் வெறும் மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் தந்தார்கள். கை கழுவச் செம்பில் தண்ணீர் ஊற்றியது அந்த வீட்டுச் சின்னப் பெடியன். ஊற்றும்போது அவன் கை நடுங்கியது. எங்களைச் சாமி என்று நினைத்திருக்கிறான். எல்லாருக்கும் அங்கே பெயர் சாமிதான். டொக்டரும் சாமி, கூலிக்காரரும் சாமி. உன் பெயரை யாரும் கேட்காத நாட்கள் வரும், அதற்கும் இப்போதே மனதைத் தயார் செய்.

பரந்தன் முல்லைத்தீவு வீதியைப் பற்றி உன் அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல். 2009இல், சண்டையின் கடைசி மாதங்களில், உனக்கு நாலு வயது. அந்த வீதியில் உன்னை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தவள் அவள். நீ மூட்டை முடிச்சோடு நடக்கப்போகிறாய் என்றதும் அவளுக்கு எது கண்ணில் வந்திருக்கும் என்று யோசி. அவள் அழுததற்குக் காரணம் காட்டு யானை இல்லை, பிள்ளை. தரப்பாளுக்குக் கீழே படுப்பது, கல்லு மூன்று வைத்துச் சமைப்பது, குளிக்காமல் நாள் கணக்காக இருப்பது எல்லாம் எங்கள் சனம் துரத்தப்பட்டுப் பழகியது. அதை நீ விரும்பிச் செய்யப்போகிறாய். இரண்டும் ஒன்றில்லை என்று அவளுக்கு நீதான் பக்கத்தில் இருந்து ஆறுதலாகச் சொல்ல வேண்டும், போனில் சொல்லாதே. 2013இல் வட்டுவாகல் பாலத்தின் நடுவில் எனக்குக் கால் எழும்பவில்லை. குழுவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குழுவுக்கு முன்னால் முருகனின் வேலைத் தூக்கி வந்தவர் பாலத்தின் அந்தப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் நடக்கத் தொடங்கும் வரை அவரும் அசையவில்லை. உனக்கும் அங்கே நிற்கத் தோன்றினால் நில்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்ச் சேர்ந்தீர்களானால் கடல்நீரில் எரியும் விளக்கைக் கண்டு கும்பிடு. ஆனையிறவு உப்பளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு உப்புத் தண்ணீர் எரிவதைப் பார்க்கும்போது என்னவோ செய்யும்.

உகந்தையில் காட்டுக் கதவு திறக்கும் வரை இருக்க வேண்டும். பேர் பதிந்து உள்ளே விடுவார்கள். பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள், அது நல்லதுதான். அங்கிருந்து கதிர்காமம் மட்டும் ஐந்தாறு நாள்: வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். அந்தப் பக்கத்துச் சனம் சொல்லும் பெயர்கள் இவை. குமுக்கன் என்பது சிங்களத்தில் கும்புக் என்கிற மருதமரத்தால் வந்த பெயர். ஆற்றங்கரை முழுக்க அந்த மரம்தான், வெள்ளையாக, தோல் உரித்த மாதிரி. அந்த நிழலில் படுத்த மத்தியானத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆறு வற்றியிருந்தால் மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். முதலில் வரும் கலங்கல் நீரை இறைத்து ஊற்றிவிட்டு, தெளிந்து ஊறுவதைத் துணியில் வடித்துக் கொதிக்கவைத்துக் குடி. இப்போது சில இடங்களில் தாங்கியில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதை நம்பி வெறும் போத்தலோடு நடக்காதே. எருமை கிடந்த குட்டையில் முகம்கூடக் கழுவாதே.

அது பாலைப்பழக் காலம். வன்னிப் பிள்ளை நீ, பாலை மரம் கண்டால் வாய் ஊறும். கரடிக்கும் அதே ஆசைதான். பழம் உதிர்ந்து கிடக்கிற மரத்தடிக்குத் தனியாகப் போகாதே. யானையை எங்கள் குழுவில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், பிள்ளையார் என்போம். கண்டால் ஓடாதே, படம் எடுக்கப் போனைத் தூக்காதே. எல்லாரும் ஒன்றாக நெருங்கி நின்று, அது வழி விடும் வரை பொறுத்திருக்க வேண்டும். விடியுமுன் காட்டில் நடை இல்லை. ஒதுங்கப் போவதென்றால் இன்னொரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போ. இரவில் காலையும் இடுப்பையும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்.

மாதவிலக்கைப் பற்றியும் எழுத வேண்டும், உன் அம்மா எழுதமாட்டாள். ஒன்றரை மாதத்தில் அது வராமல் இராது. எனக்கு முதல் முறை வெருகலில் வந்தது. திரும்பிப் போக வேண்டுமோ என்று பயந்து மூத்த அம்மா ஒருவரிடம் சொன்னேன். "வேலுக்குக் கிட்டப் போகாமல் பின்னால நட மனே, முருகனுக்குத் தெரியாததா" என்றார். நான் சமையலிலும் பூசையிலும் சேராமல் பின்னால் நடந்தேன். குழுவுக்குக் குழு வழக்கம் வேறு. போகுமுன்னமே உன் குழுவின் பெண்களிடம் கேட்டு வை. தேவையானதைக் கூடுதலாகக் கொண்டு போ. காட்டில் எதையும் எறியாமல் ஒரு பையில் கட்டித் திருப்பிக் கொண்டு வா.

இனி நான் யாருக்கும் முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த மூத்த அம்மா மட்டக்களப்புப் பக்கம். எழுபது தாண்டியவர், இடது முழங்கால் வீங்கியிருக்கும். பத்துப் பன்னிரண்டு நாளாகும்போது குழுவில் எரிச்சல் தொடங்கும், உனக்கும் தொடங்கும். ஒருவர் சாப்பிடுகிற சத்தம் பிடிக்காது, ஒருவர் விறகு பொறுக்காமல் படுத்திருப்பது பிடிக்காது. எனக்கு அந்த அம்மாவின் நடை பிடிக்காமல் போனது. சண்டைக்கு முன்னம் உப்பளத்தில் ஆறு வருஷம் உப்பு வாரிய கால் இது என்ற பெருமை எனக்கு. குமுக்கன் தாண்டி நாவலடிக்குப் போகிற அன்று, அவரைக் கூட்டி வரும் முறை என்னுடையது. "நீங்கள் ஆறுதலாக வாருங்கோ" என்று சொல்லிவிட்டு முன்னுக்குப் போய்விட்டேன். மரத்தடியில் எல்லாரும் இருந்து தலையை எண்ணும்போது ஒன்று குறைந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேலைக் கொண்டுபோனவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். ஏழெட்டுப் பேர் அரோகரா சொல்லிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தோம். அரை மணித்தியாலத்துக்கு மேல் நடந்த பிறகு ரோச் வெளிச்சத்தில் அவருடைய வெள்ளைச் சேலை தெரிந்தது. பாதை நடுவில் கால் நீட்டி இருந்தார். பத்தடி தள்ளி யானை லத்தி, ஆவி பறக்கிறது. என்னைக் கண்டதும் அவர் கேட்டது, "மனே, தண்ணி குடிச்சியா?" என்று. அவருடைய போத்தலில் பாதி மிச்சம் இருந்தது. எனக்கென்று வைத்திருந்தாராம்.

அன்றிலிருந்து கதிர்காமம் வரை நான் அவருக்குப் பின்னால்தான் நடந்தேன். அப்படி நடக்கும்போதுதான் காடு எனக்குத் தெரிந்தது. முன்னால் போனபோது பாதையையும் தூரத்தையும் மட்டும் பார்த்தேன். அவருடைய நடையில் மயில் அகவும் திசை, மான் மேய்ந்த புல், கச்சான் காற்று எந்த நேரம் மாறுகிறது என்பதெல்லாம் தானாக வந்தது. 2018இல் போகும்போது தொடக்கத்திலேயே குழுவில் கேட்டு, கடைசி ஆளோடு நடக்கும் வேலையை வாங்கிக்கொண்டேன். நீயும் அதைக் கேட்டு வாங்கு. இளம் கால், உன்னை முன்னுக்குத்தான் அனுப்பப் பார்ப்பார்கள். சரி என்று சொல்லாதே. முறிகண்டிக்கு நடக்கிற பழக்கத்தையும் தனியாகச் செய்யாமல், சனிக்கிழமைகளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. அவளுக்கு மூட்டு வலி, மெல்லத்தான் வருவாள். அவளுடைய நடைக்கு உன் நடையை இறக்கப் பழகு. அது சப்பாத்தோடு வேகமாக நடப்பதைவிடக் கஷ்டம் என்று ஒரு நாளிலேயே உனக்கு விளங்கும். வழியில் அவளோடு 2009ஐப் பற்றியும் கதைக்கலாம்.

குழு ஆனையிறவைக் கடக்கிற அன்று நான் வீதிக்கரையில் மோர்ப் பானையோடு நிற்பேன். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, நம்மூர் உப்புப் போட்ட மோர். வரிசையின் முன்னுக்கு உன்னைத் தேடமாட்டேன், கடைசியில்தான் பார்ப்பேன். ஊசியும் நூலும் சுத்தத் துணியும் கொண்டு வருகிறேன். வந்தவுடன் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டு.

அன்புடன்,
பெரியம்மா