காலி மனையா? முதலில் லாட் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

தெருமுனையில் புதர் மண்டிக் கிடக்கும் மனையைப் பூங்காவாக்க வேண்டும் என்று ஆலோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது லாட் எண்ணைத்தான். "பள்ளிக்குப் பக்கத்துக் காடு" என்று எழுதிய மனு மேசை மேசையாக அலையும். "பண்டார் ஜார்ஜ்டவுன், செக்‌ஷன் இத்தனை, லாட் இத்தனை" என்று எழுதினால், அது யார் பொறுப்பு என்பதை யாராவது சொல்லியே ஆகவேண்டும்.

இதற்கு உதவ, பினாங்கு மாநிலத்துக்கென்று பெகிஸ் என்ற புவியியல் தகவல் மையம் இருக்கிறது. நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது என்பதை பிளான்மலேசியாவின் ஐ-பிளான் தளத்தில் பார்க்கலாம். உரிமையாளர் யார் என்று அறிய, நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'சாரியான்' எனும் உரிமைத் தேடல் அறிக்கை எடுக்க வேண்டும். அந்தக் கட்டணத்துக்குத் தயங்காதீர்கள். தனியார் நிலமென்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் ஒரு செடியும் வைக்க வேண்டாம்.

அரசு நிலமென்றால் டி.ஓ.எல். எனும் தற்காலிகப் பயன்பாட்டு உரிமம் கேட்கலாம். நம் கோயில் நிர்வாகங்கள் பலவற்றுக்கு இது பழகிய சொல். இந்த உரிமத்தை எந்த மாதம் வாங்கினாலும் அந்த ஆண்டு டிசம்பரோடு முடிந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பெற்றவர் இறந்தால் உரிமமும் போய்விடும், இன்னொருவருக்கு மாற்ற முடியாது. ஆகவே தனிநபர் பெயரில் வேண்டாம், பதிவுபெற்ற சங்கத்தின் பெயரில் விண்ணப்பியுங்கள். சிமெண்ட் கட்டுமானத்திலும் பணத்தைக் கொட்டாதீர்கள்.

தகவலைக் கணினியில் வைத்துக்கொண்டால் மட்டும் தோட்டம் வராது. நியூயார்க்கில் 2011இல் தொடங்கிய '596 ஏக்கர்ஸ்' அமைப்பினர், மாநகராட்சி வெளியிட்ட தரவிலிருந்து புரூக்ளினில் சும்மா கிடந்த பொது நிலங்களைப் பட்டியலிட்டார்கள். பிறகு லாட் எண், எந்தத் துறையின் நிலம், யாரைக் கேட்பது என்று எழுதி அந்தந்த வேலியிலேயே பலகை மாட்டினார்கள். தினமும் அவ்வழியே நடப்பவர்கள் படித்தார்கள், சேர்ந்தார்கள், பல இடங்களில் தோட்டம் வந்தது. இங்கே அதே தகவலைத் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் எழுதி, வேலிக்குரியவரிடம் அனுமதி கேட்டு மாட்டுங்கள்.

எந்த மனை என்று தேர்ந்தெடுக்கும்போது வெப்ப வரைபடங்களைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் வெப்ப அளவு சுமார் 100 மீட்டர் சதுரத்துக்கு ஒன்று. ஐந்தாறு மீட்டர் அகலமுள்ள கடைவீட்டு மனை அதில் தெரியவே தெரியாது. எந்த வட்டாரம் அதிகம் கொதிக்கிறது என்று முடிவு செய்ய மட்டும் அது உதவும்.

மனையை மழை விட்டதும் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, உடைந்த ஓட்டிலும் பழைய டயரிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். டிங்கிக்கு அஞ்சும் அண்டை வீட்டாரை உங்கள் பக்கம் சேர்ப்பது அந்தக் குறிப்புதான். வேலியோரம் யாரோ செராயும் பாண்டானும் நட்டிருப்பார்கள். அவரைத் தேடிப் பேசுங்கள். அந்த மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இருக்காது. சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேலுள்ள மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்கிறது நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். இருக்கும் மரத்தை வைத்தே தோட்டத்தை அமையுங்கள்.

பாரம்பரிய வட்டாரத்தில் ஆழமாகத் தோண்டுமுன் கட்டாயம் கேளுங்கள். கொம்தார் அருகே பழைய சந்தை இருந்த சியா போய் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த இடம். அங்கே 2015இல் அகழ்ந்தபோது பிராங்கின் கால்வாயின் பழைய கட்டுமானம் வெளிப்பட்டது; 2019இல் அதையே நடுவில் வைத்துப் பூங்காவாகத் திறந்தார்கள். பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள், இந்த நகரத்தில் இது நடக்கக் கூடிய காரியம் என்ற தெம்பு வரும்.

ஜனவரி, பிப்ரவரி இங்கே வறண்ட மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கொட்டும். கன்று அந்த மழைக்கு வேர்பிடிக்க வேண்டுமானால், ஆண்டுத் தொடக்கத்திலேயே சாரியான் தாளோடு உங்கள் பகுதி மாநகர் மன்ற உறுப்பினரைப் போய்ப் பாருங்கள்.