ஃபோர்மட் அடித்த மறுநாள் காலை ஐந்து மணி பிக்கப்

பிதுரங்கலவில் சூரிய உதயம் பார்க்கப் புறப்படும் விருந்தினர் காலை ஐந்து மணிக்கு வாசலில் நிற்பார். அவரை ஏற்றிப்போகும் டிரைவர் யார், மத்தியானம் மின்னேரியாவுக்கு ஜீப் கொண்டுவருபவர் யார், பன்னிரண்டாம் ரூமுக்கு நாளை வருபவரின் வட்ஸ்அப் நம்பர் என்ன என்பதெல்லாம் ரிசெப்ஷன் கொம்பியூட்டரில் இருந்தது. முந்தின நாள் மாலை டெக்னீஷியன் வந்து, மெஷினை ஃபோர்மட் பண்ணிப் புது விண்டோஸ் போட்டுவிட்டுப் போய்விட்டார். இப்போது கலண்டர் காலி, கொன்டெக்ட்ஸ் காலி.

சீகிரியா, இனாமலுவ, ஹபரணைப் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போகும் எவருக்கும் இந்த நாள் ஒருமுறையாவது வரும். விண்டோஸ் 10-க்கான வழமையான சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய மெஷின்களில் புது விண்டோஸ் போடும் வேலை இன்னும் ஓயவில்லை. அந்த மாலையில் யார் பதறுகிறார், யார் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மீட்டெடுக்கிறார் என்பதை மெனேஜர் கவனிப்பார். மாத்தளையிலிருந்தும் ரத்தோட்டையிலிருந்தும் ஃப்ரன்ட் ஒபிஸ் கனவோடு வரும் தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்கிறேன்: மூன்று மொழி பேசுவோரும் இனிமையாக வரவேற்போரும் உங்களோடு போட்டிக்கு நிறையப் பேர் நிற்கிறார்கள். இந்த ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்தவர் குறைவு. அந்த இடத்தைப் பிடியுங்கள்.

1. முதல் பத்து நிமிடம் எதையும் இன்ஸ்டோல் பண்ணாதீர்கள். சி டிரைவைத் திறந்து ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவை அழிக்காமல் மேலேயே விண்டோஸ் போட்டிருந்தால் பழைய யூசர் ஃபோல்டர் முழுதும் அதற்குள் கிடக்கும். ஆனால் விண்டோஸ் அதை வழமையாகப் பத்து நாளில் தானே துடைத்துவிடும். ஆகவே அன்றைக்கே ஒரு வெளி டிரைவுக்கு கொப்பி எடுத்துவிடுங்கள். டிரைவையே அழித்துவிட்டார் என்றால் மெஷினை ஓஃப் பண்ணிவிட்டு ரிகவரி தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஓரளவு நம்பிக்கை உண்டு, எஸ்.எஸ்.டி.யில் மிகக் குறைவு.

அந்தக் கலண்டரும் கொன்டெக்ட்ஸும் யாருடைய போனிலாவது சிங்க் ஆகியிருந்தால், உடனே அந்த போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். காலியான எக்கவுண்ட் ஒன்று சிங்க் ஆகும்போது போனில் மிஞ்சியிருப்பதையும் காலியாக்கலாம். போனிலிருந்து கொன்டெக்ட்ஸை வி.சி.எஃப். பைலாக எக்ஸ்போர்ட் பண்ணிய பிறகு நெட்டைத் திறங்கள்.

2. டேட்டா எங்கே குடியிருந்தது என்று கண்டுபிடியுங்கள். அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கூகுள் அல்லது மைக்ரோசொஃப்ட் 365 எக்கவுண்ட்டில் இருந்திருந்தால் சைன் இன் பண்ணினாலே திரும்பி வரும். யாராவது கைதவறி அழித்திருந்தாலும் கூகுள் கொன்டெக்ட்ஸில் 30 நாள் வரை பின்னோக்கிப் போய் மீட்கலாம். கூகுள் கலண்டரின் டிராஷிலும் 30 நாள் அவகாசம் உண்டு.

ஹோட்டலின் சொந்த டொமைன் மெயிலை அவுட்லுக்கில் ஐமேப் முறையில் போட்டிருந்தால்தான் சிக்கல். ஐமேப் மெயிலை மட்டுமே சர்வரில் வைக்கும். அதே அவுட்லுக்கில் நீங்கள் பதிந்த கலண்டரும் நம்பர்களும் அந்த ஒரு கொம்பியூட்டரில் மட்டும் இருக்கும். புது விண்டோஸில் எக்கவுண்ட்டைச் சேர்த்ததும் மெயிலெல்லாம் அழகாக வந்து இறங்கும். எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துப் பழைய டிரைவைத் துடைத்துவிடுவார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். பழைய யூசர் ஃபோல்டரின் டொக்கியுமென்ட்ஸில் ‘அவுட்லுக் பைல்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் பி.எஸ்.டி. பைல் கிடைத்தால் கிளாசிக் அவுட்லுக்கில் நேரே இம்போர்ட் பண்ணலாம். மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’ ஃபோல்டருக்குள் ஓ.எஸ்.டி. பைல் மட்டுமே கிடைத்தால் அதையும் விடாமல் கொப்பி எடுங்கள். புது அவுட்லுக் புரொஃபைல் அதை நேரே திறக்காது. மாற்றித்தரும் சொஃப்ட்வெயார் வாங்கவேண்டி வரலாம். ஒரு சீசனின் புக்கிங் அதற்குள் இருக்கிறதென்றால் அந்தச் செலவுக்கு மெனேஜரிடம் தயங்காமல் அப்ரூவல் கேளுங்கள்.

தண்டர்பேர்ட் பாவித்தவர்களுக்கு வேலை சுலபம். ‘ஆப்டேட்டா’வுக்குள் இருக்கும் ‘தண்டர்பேர்ட்’ ஃபோல்டரை முழுதாக எடுத்துவந்து வைத்தால் மெயில், நம்பர், கலண்டர் மூன்றும் ஒன்றாக வரும்.

3. இம்போர்ட் பண்ணுமுன் நேரத்தைச் சரிபாருங்கள். புதிதாகப் போட்ட விண்டோஸ் வேறொரு நாட்டு நேரத்தில் இருக்கலாம். டைம் ஸோன் லிஸ்ட்டில் +5:30-க்கு நேரே ஸ்ரீ ஜயவர்தனபுர என்று இருப்பதைத் தெரிவுசெய்யுங்கள். அமெரிக்க பசிபிக் நேரத்திலேயே விட்டுவிட்டால், ஜனவரி மாதத்துக் காலை 5 மணி பிக்கப் முந்தின நாள் மாலை 3.30 என்று காட்டும். சி.எஸ்.வி. பைலில் டைம் ஸோன் பதிவாவதில்லை என்பதால், அதைத் தப்பான ஸோனில் இம்போர்ட் பண்ணினால் தவறு அப்படியே நிலைத்துவிடும்.

4. சி.எஸ்.வி. பைலை எக்செலில் டபுள் கிளிக் பண்ணித் திறந்து சேவ் பண்ணாதீர்கள். மொபைல் நம்பரின் முன்னால் உள்ள பூச்சியம் விழுந்துவிடும், +94-இல் உள்ள பிளஸ் காணாமல் போகும், தமிழ், சிங்களம், சீனப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறலாம். நம்பருக்கு வி.சி.எஃப்., கலண்டருக்கு ஐ.சி.எஸ். என்று கேட்டு வாங்குவதே நல்லது. ஒரே பைலை இரண்டு தடவை இம்போர்ட் பண்ணி ஒவ்வொரு டிரைவரையும் இரட்டையாக்கிவிடாமலும் பாருங்கள்.

5. முடிந்ததும் ‘எல்லாம் சரி’ என்று சொல்லாதீர்கள். நாளைய புக்கிங் ஐந்தை எடுத்து, புக்கிங் சைட்டோடும் மெயிலோடும் ஒப்பிட்டு, இரண்டு டிரைவர்மாருக்குக் கோல் எடுத்து நேரத்தை உறுதிப்படுத்துங்கள். பிறகு மெனேஜரிடம் ரிப்போர்ட் கொடுங்கள்: எந்தத் தேதி வரை வந்தது, என்ன வரவில்லை, அதற்கு என்ன செய்கிறீர்கள். வராததை மறைக்காமல் சொல்பவரைத்தான் அடுத்த தடவையும் கூப்பிடுவார்கள்.

இனி, அடுத்த தடவை இவ்வளவு பாடுபடாமலிருக்க. சிங்க் என்பது பேக்கப் அல்ல. ஒரு இடத்தில் அழிந்தது எல்லா இடத்திலும் அழிகிறது. ஒரே நெட்வேர்க்கில் இணைந்திருக்கும் பேக்கப்பும் போதாது. 2023 ஓகஸ்ட்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானபோது, ஒன்லைன் பேக்கப்பும் சேர்ந்து பழுதானது. தனியே எடுத்துவைத்த ஒஃப்லைன் கொப்பி இல்லாததால், அரச மெயில் முகவரிகள் சுமார் 5,000-இல் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்கள் போயின. நாட்டின் அமைச்சரவை அலுவலகத்துக்கே அந்த நிலைமை.

வேலைசெய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இதற்கு இன்னொரு பாடம் இருக்கிறது. சீகிரியா ஓவியங்களை டி.ஏ.எல். பெரேரா என்பவர் 1890-களில் கயிற்றில் தொங்கியபடி எண்ணெய் வர்ணத்தில் பிரதி எடுத்தார்; அவை கொழும்பு தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டன. 1967-இல் விஷமிகள் ஓவியங்கள்மீது பெயின்ட் பூசினார்கள். பாறையில் என்ன நடந்தாலும், அதற்கு எழுபது வருடத்துக்கு முன் எடுத்த பிரதி மைல்கணக்கில் தள்ளி வேறொரு கட்டடத்தில் பத்திரமாக இருந்தது. இதைவிடச் சிறந்த பேக்கப் திட்டத்தை எந்தக் கோர்ஸிலும் சொல்லித்தந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலண்டரையும் கொன்டெக்ட்ஸையும் எக்ஸ்போர்ட் பண்ணி, தேதி போட்டு, பென் டிரைவில் ஏற்றி, அந்த டிரைவைக் கழற்றி ஹோட்டல் லொக்கரில் வையுங்கள். மாதம் ஒருமுறை அந்த பைலை வேறொரு மெஷினில் திறந்து பாருங்கள். டெக்னீஷியன் வரும் நாளில், டிரைவைப் பூட்டும் பிட்லொக்கரின் ரிகவரி கீயின் 48 இலக்கங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பூட்டிய டிரைவைத் திறக்க முடியாது.

சி.வி.யில் ‘கொம்பியூட்டர் அறிவு உண்டு’ என்று எழுதாதீர்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ‘ஃப்ரன்ட் ஒபிஸ் கலண்டர், கொன்டெக்ட்ஸ் வாராந்தர பேக்கப்பும் மீட்பும் என் பொறுப்பு’ என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் எப்படி என்று கேட்பார்கள். மேலே உள்ள ஐந்தையும் வரிசையாகச் சொல்லுங்கள்.

விருந்தினரின் நம்பரும் பாஸ்போர்ட் விவரமும் ஹோட்டலின் பொறுப்பில் உள்ளவை. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கென்றே வந்தது. வேலை மாறும்போது அந்த பைலைக் கையோடு கொண்டுபோகாதீர்கள். ஆனால் நீங்களாகப் பழகிச் சேர்த்த டிரைவர், ஜீப்காரர், கைட், பழைய மெனேஜர் நம்பர்களை முதல் நாளிலிருந்தே உங்கள் சொந்த எக்கவுண்ட்டில் தனியாகச் சேமியுங்கள். ஹபரணையில் அடுத்த ஹோட்டலில் வேலைக்குச் சேரும் அன்று, ஜீப் வேண்டும் என்று விருந்தினர் கேட்டால், ஒரே கோலில் ஜீப்பை வரவைக்க அந்த லிஸ்ட் போதும்.