கொழுந்தும் கோயிலும்



கேமரன் மலைக்குப் போனா, தானா ராத்தாவைச் சுத்தி எங்கும் தேயிலை. படம் எடுத்துட்டு வந்துடுறோம். அந்தப் பச்சையை உண்டாக்கியது யார்?

அங்கே 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. சரிவில் கன்று நட்டு, பனியில் கொழுந்து கிள்ளியவர்களில் நம் தமிழர்கள் பலர். லயத்தில் ஒண்டியிருந்தாலும் சாமிக்கு இடம் ஒதுக்கினார்கள்.

நம்ம போர்டிக்சனில் பால்மரம், பிறகு செம்பனை. பயிர்தான் வேறு, பாடு ஒன்றே. தோட்டத்தை விட்டு மக்கள் பட்டணம் போனார்கள். தோட்டக் கோயிலின் கதை தாத்தா பாட்டி நினைவில்தான் இருக்கு. அவங்க போனா அதுவும் போச்சு.

பயிற்சி: வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். எந்தத் தோட்டம்? என்ன வேலை? எந்தச் சாமி? நோட்டில் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.