அச்சுச் சுற்றுப்பலகைக் கோப்பில் பிழை காணல்

மின்னணுக் கருவி எதைத் திறந்தாலும் உள்ளே பெரும்பாலும் பச்சை நிறத்தில் ஒரு பலகை இருக்கும். அதுவே ‘பிசிபி’ எனும் அச்சுச் சுற்றுப்பலகை. பாக் நீரிணைக்குச் செல்லும் நம் மீனவர்களின் ஜிபிஎஸ் கருவியும் அதனை நம்பியே இயங்குகிறது.

நாம் கணினியில் வரைந்ததைத் தொழிற்சாலைக்கு எடுத்துரைப்பது ‘கெர்பர்’ கோப்பு. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜோசப் கெர்பரின் நிறுவனம் 1980-இல் இதன் இலக்கணத்தை வெளியிட்டது. செம்புத் தடங்கள், பச்சைப் பூச்சு, விளிம்பு என ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கோப்பு உண்டு. துளைகளுக்கு ‘எக்ஸலான்’ கோப்பு தனியே செல்லும்.

இயற்பியல் மாணவனாகிய நான், நண்பர்களின் கோப்புகளைச் சரிபார்க்கையில் கண்டறிந்த உண்மை இது: பிழையின் உருவமே அதன் காரணத்தைக் காட்டிவிடும்.

துளைகள் அனைத்தும் 25.4 மடங்கு சுருங்கினால், அங்குலம் மில்லிமீட்டராக வாசிக்கப்பட்டுள்ளது. 10 மடங்கு மாறினால் தசமப்புள்ளி இடம் பிசகியுள்ளது. எல்லாம் ஒரே அளவு விலகி நின்றால் தொடக்கப் புள்ளி வேறுபடுகிறது. சில துளைகள் சரியாக இருக்க, மற்றவை மூலையில் குவிந்தால் சுழியத்தில்தான் குற்றம். 1.5 அங்குலத்தை, இறுதிச் சுழியங்களை நீக்கி 015 என எழுதுவர். முன்சுழியங்கள் நீக்கப்பட்டதாக எண்ணி இயந்திரம் அதனை 0.0015 என்று கொள்ளும். ஆனால் 012345 என்பது எவ்வாறு வாசித்தாலும் 1.2345 தான்.

அலகுப் பிழை அற்பமன்று. 1999-இல் அமெரிக்காவின் செவ்வாய்க் கலம் ஒன்று, பவுண்டு அலகும் மெட்ரிக் அலகும் கலந்ததால் அழிந்தது.

அடிப்பக்க அடுக்கில் எழுத்துகள் இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் தோன்றும். அதனைப் பிழையென்று கருதித் திருப்பிவிடலாகாது; மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதாகவே அது வரையப்படுகிறது.

பச்சைப் பூச்சின் கோப்பு பூசும் இடங்களைக் காட்டுவதன்று. பூசாமல் விட வேண்டிய இடங்களையே காட்டுவது. இதில் தவறினால் செம்புத் தடங்கள் திறந்து கிடக்கும். இராமேசுவரம், தனுஷ்கோடியின் உப்புக்காற்று அச்செம்பை விரைவில் அரித்துவிடும். நள்ளிரவில் நடுக்கடலில் கருவி நின்றுபோனால், படகில் இருப்போர் உயிருக்கே இடர்.

எனவே, கோப்பை அனுப்புமுன் ‘கெர்ப்வி’ போன்ற இலவச மென்பொருளில் எல்லா அடுக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வரைந்த மென்பொருளிலேயே பார்த்தல் போதாது. அது தான் எழுதியதைத் தன் வழக்கப்படியே வாசிக்கக்கூடும். பின்பு உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, அதன்மேல் ஐ.சி.யை வையுங்கள். கால்களுக்கிடையே 2.54 மில்லிமீட்டர் பொருந்துகிறதா என நோக்குங்கள். ஒரு தாளின் செலவு ஒரு பருவத்தின் உழைப்பைக் காக்கும்.

மாணவ நண்பர்களே! நாம் எழுதும் ஒவ்வோர் எண்ணையும் கண்காணாத ஓர் இயந்திரம் அப்படியே நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக எழுதுவோம்.